கல்லில் இல்லாத தாய்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் டி ஸ்மெட் என்றொரு சிற்றூர். 1880ஐ ஒட்டி, ரயில் பாதையோடு வந்து சேர்ந்த குடியேறிகள் உருவாக்கிய ஊர். அதன் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிறிய கல் இருக்கிறது. 'ஏ. ஜே. வைல்டரின் ஆண் குழந்தை' என்பதுதான் அதிலுள்ள வாசகம். 1889இல் பிறந்து, பெயர் வைக்கும் முன்பே சில வாரங்களில் இறந்துபோன குழந்தை அது. ஏ. ஜே. என்பது தகப்பனாகிய அல்மான்ஸோ ஜேம்ஸ். பெற்றவள் பெயர் கல்லில் இல்லை. அவள் லாரா இங்கல்ஸ் வைல்டர், 'லிட்டில் ஹவுஸ்' நாவல்களை எழுதியவர். இன்று அந்த ஊருக்குப் பயணிகள் வருவதே அவருக்காகத்தான்.

தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் சுமந்து திரியும் நமக்கு இந்தக் கல்லைப் படிக்க அகராதி தேவையில்லை.

அமெரிக்கக் கிராமப்புறக் கல்லறைகளில் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் கைம்பெண்' என்று பொறித்த கற்கள் ஏராளம். கொடிவழி தேடுகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் அதுதான். ஆணின் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக மேலே ஏறிவிடலாம். பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரோ திருமணத்தன்றே உதிர்ந்துவிடுகிறது. அரசு ஆவணங்களும் கைகொடுப்பதில்லை. 1850க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவருக்கு மட்டுமே பெயர். மற்றவர்கள் வயது, பால் வாரியான வெறும் எண்ணிக்கை. 1850இல் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெயர் கிடைத்தபோதும், அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள் தனிப் பட்டியலில், பெரும்பாலும் பெயரின்றி, உடைமையாளரின் பெயருக்குக் கீழே எண்ணப்பட்டார்கள். கொடிவழி என்பது இயற்கையாகக் கிளைத்த மரம் அல்ல. யாருக்குப் பெயர் எழுத வேண்டும் என்று யாரோ தீர்மானித்ததன் விளைவு அது.

கல் மறைத்ததை எழுத்து மீட்டுத்தந்ததா? லாராவின் எழுத்தைப் பெண்ணிய நோக்கில் வாசிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். விடை அத்தனை எளிதல்ல.

லாராவுக்கு ஒரு தம்பி இருந்தான். பெயர் சார்லஸ் ஃபிரெடெரிக், வீட்டில் ஃபிரெடி. 1875இல் பிறந்து, அடுத்த ஆண்டே மின்னசோட்டாவில் இறந்தான். அவனைப் புதைத்த இடம் இன்றுவரை அறுதியிடப்படவில்லை. நாவல் வரிசையில் அவன் பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. 1937இல் வந்த நாவலுக்கும் 1939இல் வந்த அடுத்த நாவலுக்கும் இடையே சில ஆண்டுகள் சத்தமில்லாமல் நழுவிவிடுகின்றன. அந்த இடைவெளிக்குள்தான் ஃபிரெடி கிடக்கிறான். ஆனால் 1930இல் லாரா எழுதிய தன்வரலாற்றுக் கைப்பிரதியில் அவனுடைய சாவு இருக்கிறது. 'பயனியர் கேர்ள்' என்ற அந்தப் பிரதி அச்சேறியது 2014இல்தான். பெயர் வைக்கப்படாத மகனின் சாவும் அவர் உயிரோடிருந்தவரை அச்சிடப்படாத 'த ஃபர்ஸ்ட் ஃபோர் இயர்ஸ்' என்ற கைப்பிரதியில்தான் வருகிறது. அவர் இறந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1971இல் அது நூலானது. அதிலும் குழந்தையின் சாவு சில வரிகளில் முடிந்துபோகிறது. அடுத்து வீடு தீப்பிடிக்கிறது.

அச்சுக்குப் போன நூல்களில் குடும்பம் சிரமப்படுகிறது, ஆனால் சிதைவதில்லை. உழைத்தால் உயரலாம் என்ற குடியேறிகளின் கதைக்குச் செத்த குழந்தைகள் இடைஞ்சல். எனவே தாயின் துக்கம் கைப்பிரதியிலேயே தங்கிவிட்டது. அச்சடித்த நூலும் அந்தக் கல்லும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன.

எலைசா ஜேன் வைல்டரையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். இவர் அல்மான்ஸோவின் அக்கா. 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம், குடியேறிச் சாகுபடி செய்பவருக்கு 160 ஏக்கர் வரை நிலம் தந்தது. கணவனோடு வாழும் மனைவி பொதுவாகத் தன் பெயரில் நிலம் கோர முடியாது. மணமாகாதவளும் கைம்பெண்ணும் கோரலாம். எலைசா அப்படி டி ஸ்மெட் அருகே தன் பெயரிலேயே நிலம் எடுத்தவர். நாவலில் அவர் யார்? மாணவிகளை வதைக்கும் சிடுமூஞ்சி ஆசிரியை. தனியே நிலம் எடுத்த பெண்ணுக்கு, ஒரு பெண் எழுதிய கதையில் கிடைத்த இடம் அதுதான்.

சரி, அந்தக் கல்லில் தாயின் பெயரையும் பொறித்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா? நம் வாசிப்பு அங்கேயே நின்றுவிட்டால் அது பாதி வாசிப்புதான். கல் நிற்கும் நிலம் யாருடையது?

ஹோம்ஸ்டெட் சட்டம் வந்த அதே 1862இல்தான் மின்னசோட்டாவில் டகோட்டா பழங்குடியினருக்கும் அமெரிக்க அரசுக்கும் போர் மூண்டது. டிசம்பர் 26 அன்று மன்காட்டோ நகரில் 38 டகோட்டா ஆண்கள் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். ஆற்றங்கரை மணலில் புதைக்கப்பட்ட அவர்களது உடல்களை மருத்துவர்கள் அறுத்துப் படிப்பதற்காகத் தோண்டி எடுத்துப்போனார்கள். அடுத்த ஆண்டு டகோட்டா மக்களை மின்னசோட்டாவிலிருந்தே வெளியேற்றும் சட்டம் வந்தது. போர் நடந்த அதே ரெட்வுட் மாவட்டத்தின் வால்னட் குரோவ் ஊரில், 12 ஆண்டுகள் கழித்து இங்கல்ஸ் குடும்பம் குடியேறியது. ஃபிரெடி பிறந்தது அங்கேதான்.

இவர்களை 'முன்னோடிகள்' என்கிறது அமெரிக்க வரலாறு. முன்னால் ஓடியவர் என்றால் அதற்கு முன் அங்கே எவருமில்லை என்று பொருளாகிறது. 1935இல் வந்த 'லிட்டில் ஹவுஸ் ஆன் த பிரெய்ரி' நாவலின் தொடக்கத்தில், அந்த நிலத்தில் செவ்விந்தியர்கள் மட்டுமே உண்டு, மக்கள் இல்லை என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தது. ஒரு வாசகரின் கண்டனக் கடிதத்துக்குப் பிறகு, 1953ஆம் ஆண்டுப் பதிப்பில் 'மக்கள்' என்பது 'குடியேறிகள்' ஆனது. ஒரு சொல் திருந்துவதற்குள் எத்தனை தலைமுறைக் குழந்தைகள் அதைப் படித்துவிட்டார்கள்! 2018இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழந்தை நூலகப் பிரிவு, லாராவின் பெயரில் வழங்கிவந்த விருதிலிருந்து அவர் பெயரை நீக்கியது. அதைத் தணிக்கை என்று சிலர் வருந்தினார்கள். நூல்கள் இன்றும் கடைகளிலும் நூலகங்களிலும் கிடைக்கின்றன. மரியாதையின் அடையாளமாக நின்ற பெயர் மட்டுமே எடுக்கப்பட்டது.

தன் குழந்தையின் கல்லில் இடமில்லாத பெண், இன்னொரு இனத்துக்குத் தன் நூலில் 'மக்கள்' என்ற இடத்தைத் தரவில்லை. இவ்விரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றதை மன்னிக்கவும் முடியாது, மறைக்கவும் கூடாது. மறைக்கப்பட்ட பெண்ணைத் தேடிப் போகும் நாம், அவளே மறைத்தவர்களையும் சேர்த்தே தேட வேண்டியிருக்கிறது. டி ஸ்மெட்டின் அந்தக் கல்லில் யார் பெயர் இல்லை என்பது ஒரு கேள்வி. அந்த மண்ணில் யாருக்குக் கல்லே இல்லை என்பது இன்னொன்று. கொடிவழியைப் பெண்ணாக இருந்து வாசிப்பவள் இரண்டையும் கேட்டாக வேண்டும்.