மாடல் எஞ்சினை ரசிப்பது எப்படி? எந்த ஷெட், எந்த வருஷம் என்று கேளுங்கள்!

தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டபோது அதன் ஒரு முனை ராயபுரம், மறுமுனை வாலாஜா ரோடு. பிறகு நம் தோல் பட்டறை வட்டாரத்துக்கு மூன்று அகலத் தண்டவாளங்களும் வந்து சேர்ந்தன. காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை வழியே பிராட் கேஜ். காட்பாடியிலிருந்து வேலூர், திருவண்ணாமலை வழியாக விழுப்புரத்துக்கு அன்று மீட்டர் கேஜ். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு நேரோ கேஜ்; அந்தப் பாதை இன்று இல்லை. நீராவி எஞ்சின் மாடல்களைப் பார்க்கக் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான வட்டாரம் அமையாது.

மாடலைப் பார்த்ததும் "எவ்வளவு நுணுக்கம்!" என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் நுணுக்கம் நிறைய இருப்பது பெரிதல்ல. அத்தனை நுணுக்கமும் ஒரே ஊரையும் ஒரே வருஷத்தையும் சொல்கிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் சக்கரம்

எஞ்சினை முன்பக்கமிருந்து பாருங்கள். உலகெங்கும் பரவலாக விற்கும் மாடல் அளவு 87-இல் ஒரு பங்கு. அதற்கான தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர், ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்கான கணக்கு அது. நம் பிராட் கேஜ் 1676 மில்லிமீட்டர். அதைச் சுருக்கினால் 19.3 வர வேண்டும். கடைத் தண்டவாளத்தில் ஏற்றிய ஜோலார்பேட்டை எஞ்சினுக்கு உடம்பு அகலமாகவும் கால் ஒடுங்கியும் தெரிவது இதனால்தான். மீட்டர் கேஜுக்குக் கணக்குப்படி 11.5, கடையில் கிடைப்பது 12. நேரோ கேஜுக்கு 8.8 வேண்டும், 9 கிடைக்கிறது. ஆக, காட்பாடி மீட்டர் கேஜ் எஞ்சினைச் செய்பவருக்கு வேலை சுலபம். பிராட் கேஜுக்காகத் தண்டவாளத்தையும் அச்சையும் தானே செய்துகொண்டவர் என்றால், அந்த உழைப்புக்குத் தனியாக ஒரு சபாஷ் போடலாம்.

வகை எழுத்து

சுதந்திரத்தையொட்டி வந்த எஞ்சின்களின் பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது. முதல் எழுத்து டபிள்யூ என்றால் பிராட் கேஜ், ஒய் என்றால் மீட்டர் கேஜ், இசட் என்றால் இரண்டரை அடி நேரோ கேஜ். அடுத்த எழுத்து பி என்றால் பயணிகள் ரயில், ஜி என்றால் சரக்கு. 1947-இல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியிலிருந்து வந்து இறங்கிய டபிள்யூ.பி.யின் கூம்பு மூக்கையும் அதிலுள்ள நட்சத்திரத்தையும் மறக்க முடியாது. டபிள்யூ.ஜி.க்கு அந்த அலங்காரம் இல்லை, தட்டையான முகம். சரக்கு எஞ்சினில் நட்சத்திர மூக்கைக் கண்டால் செய்தவர் இரண்டு வண்டிகளைக் குழப்பிவிட்டார் என்று பொருள்.

யாருடைய வண்டி?

எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரின் பக்கவாட்டில் உள்ள எழுத்து காலத்தைக் காட்டும். 1908 முதல் மெட்ராஸ்–ஜோலார்பேட்டை–பெங்களூர் பாதை மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயிடம் இருந்தது. ஜோலார்பேட்டைக்குத் தெற்கே சேலம் பக்கம் போகும் பாதை தென்னிந்திய ரயில்வேக்குப் போனது. காட்பாடி–விழுப்புரம் மீட்டர் கேஜும் தென்னிந்திய ரயில்வேயுடையதே. 1951 ஏப்ரல் 14-இல் இந்த இரண்டு ரயில்வேக்களும் மைசூர் ரயில்வேயும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயின. ஜாம்ஷெட்பூர் டெல்கோவில் பிறந்த ஒய்.பி. எஞ்சினில் தென்னிந்திய ரயில்வேயின் 'எஸ்.ஐ.ஆர்.' என்று எழுதியிருந்தால், பிறக்கும் முன்பே கலைந்துபோன கம்பெனியில் அது வேலைக்குச் சேர்ந்ததாக ஆகும்!

சின்ன எழுத்துகள்

தயாரிப்பாளர் தகடு, எஞ்சின் எண், எஞ்சினை நிறுத்திப் பராமரிக்கும் சொந்த ஷெட்டின் பெயர், பெரிய பழுதுபார்ப்பு முடிந்த பணிமனையும் தேதியும்: இவற்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். தகடு பிறந்த வருஷத்தைச் சொல்லும். பழுதுபார்ப்புத் தேதியோ மாடல் எந்த வருஷத்தில் நிற்கிறது என்பதையே சொல்லிவிடும். ஜோலார்பேட்டை பிராட் கேஜ் எஞ்சினில் பெரம்பூர், காட்பாடி மீட்டர் கேஜில் பொன்மலை என்று இருந்தால் கணக்கு நேர். எண்களின் வடிவத்தையும் கவனியுங்கள். பெயின்டர் தூரிகையால் எழுதிய எண்ணில் கை தெரியும். கணினி எழுத்துருவின் துல்லியம் அங்கே உறுத்தும்.

வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்

தோல் மண்டியில் தரம் பிரிப்பவர் தோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பதைப் போல மாடலையும் சாய்த்துப் பாருங்கள். பாய்லரின் மேல் வெப்பக் காப்பும் தகட்டு உறையும் உண்டு, அதனால் அங்கே பெயின்ட் பளபளக்கும். முன்னாலுள்ள புகைப்பெட்டிக்கு அந்தக் காப்பு இல்லை. சூட்டில் பெயின்ட் வெந்து சாம்பல் பூத்த கறுப்பாகிவிடும். இரண்டும் ஒரே பளபளப்பில் இருந்தால் அந்த எஞ்சினில் இன்னும் நெருப்பே மூட்டவில்லை. பக்கவாட்டு ரிவிட்டின் தலை 20 மில்லிமீட்டர் என்றால் மாடலில் கால் மில்லிமீட்டருக்குக் குறைவு. அதைவிடப் பெரிதாக இருந்தால் அம்மை போட்டதுபோல் அசிங்கமாகிவிடும். டெண்டரில் கரி மிளகளவு இருந்தாலே அதிகம்.

அழுக்கிலும் ஒரு நியாயம் வேண்டும். உப்புத் தண்ணீர் கொதித்த எஞ்சினில் சேஃப்டி வால்வுக்குக் கீழே வெள்ளைக் கோடு வழிந்திருக்கும். இணைப்புத் தண்டுகள் எண்ணெயில் மின்னும், துருப்பிடிக்காது. சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் எப்போதும் பளிச்சென்றிருக்கும். எல்லா இடத்திலும் ஒரே பழுப்பைத் தெளித்திருந்தால் அது ஓடும் எஞ்சின் அல்ல, காயலான் கடைக்குப் போக வேண்டியது.

பின்னால் சரக்குப் பெட்டி இருந்தால் அதையும் விடாதீர்கள். ஆம்பூர் சைடிங்கில் நிற்பதாகக் காட்டினால் ஆவாரம் பட்டை மூட்டையோ கடுக்காய் மூட்டையோ தோல் கட்டோ பொருந்தும்.

நிஜத்தைப் பார்த்துப் பழகுங்கள்

கண் பழக நிஜ எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும். சென்னை ஐ.சி.எஃப். அருகே ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. உயிருள்ள நீராவி வேண்டுமா, காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாகப் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் போங்கள். அங்கிருந்து கிளம்பும் மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சினில் சிலிண்டர்கள் மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு. மேலடுக்கு பல்சக்கரப் பாதையில் ஏறும்போது மட்டும் வேலை செய்யும். அதைப் பார்த்துவிட்டு வந்தால், சமதரையில் மேலடுக்கையும் ஆட்டிக் காட்டும் மாடலின் குட்டு உங்களுக்கே புரியும்.

அடுத்த முறை மாடல் கண்காட்சிக்குப் போனால் விலையைக் கேட்காதீர்கள். "இது எந்த ஷெட், எந்த வருஷம்?" என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்பவரின் மேஜை முன்னால் நின்று நிதானமாகப் பாருங்கள். அங்கேதான் பார்க்க விஷயம் இருக்கும்.