கணேஷ் வாராத கதை: சுஜாதாவின் தனிப்புதினம் ஒன்றும் வாசகர் குறிப்புகளும்

திருவண்ணாமலைத் தேரடி வீதியை அடுத்த சந்து ஒன்றில் வாடகை நூல்நிலையம் ஒன்று பல்லாண்டுகள் நடைபெற்றது. அது மூடப்பெற்ற காலத்தில் எடைக்குப் போடப்பட்ட நூல்களுள் ஒன்று நம் கைக்கு வந்தது. வார இதழினின்றும் கிழித்தெடுத்துத் தைத்து அட்டை கட்டிய தொடர்கதைத் தொகுதி அது. சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ' என்னும் புதினம் ஆனந்த விகடனில் தொடராக வந்த காலத்தில் எவரோ வாரந்தோறும் சேர்த்து வைத்த பக்கங்கள். அவற்றின் ஓரங்களில், பின்னர் இரவல் வாங்கிப் படித்தோர் பென்சிலால் எழுதிய குறிப்புகள் உள்ளன. கையெழுத்தை நோக்குமிடத்து எழுதினோர் நால்வராதல் வேண்டும்.

தொடக்கப் பகுதியிலேயே ஒருவர், 'கணேஷ் எப்போது வருவார்?' என்று வினவுகின்றார். அதன்கீழ் மற்றொரு கை, 'வரமாட்டார், படியும்' என விடையிறுக்கின்றது. இறுதிப் பக்கத்தில் மூன்றாமவர், 'நல்ல கதை. கணேஷ் இருந்திருந்தால் அந்தப் பெண் செத்திருக்க மாட்டாள்' என்று எழுதியுள்ளார். நான்காமவர் கதையைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. அவரைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

துப்பறியும் கதைகளை நம் தமிழ்த்துறைகள் நெடுங்காலம் வாயிலில் நிறுத்தியே வைத்தன. இத்துணைக்கும் அக்கதையின் தமிழ் முன்னோடிகளுள் ஒருவர் இம்மாவட்டத்துக்கே உரியவர். ஆனந்தபோதினியின் ஆசிரியராக விளங்கி 1925இல் மறைந்த ஆரணி குப்புசாமி முதலியார், ஷெர்லாக் ஹோம்ஸை ஆனந்தசிங் ஆக்கித் தமிழில் உலவவிட்டார். நூல்களைப் புறக்கணித்தது ஒருபுறம் இருக்க, அவற்றைப் படித்தோர் என்ன எண்ணினர் என்பதனையும் நாம் கேளாமலே விட்டோம். 'இத்தகைய வாசகர் பழகிய பெயரையே விரும்புவர். புதியது தந்தால் முகம் சுளிப்பர்' என்னும் ஒரு முடிபு மட்டும் ஆராயாமலே நம்மிடையே நிலைபெற்றுவிட்டது. மேற்கூறிய குறிப்புகள் அம்முடிபை ஐயுறச் செய்கின்றன.

சுஜாதா (1935 – 2008) வழக்கறிஞர் கணேஷை 1968இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' வாயிலாக அறிமுகம் செய்தார். பின்னர் வசந்த் சேர்ந்தான். ஒருவர் அறிவும் அடக்கமும், மற்றவன் துடுக்கும் நகையும் ஆக இவ்விணை தமிழ் வாசகரின் உறவினர் போல் ஆயிற்று. 'கரையெல்லாம் செண்பகப்பூ'வில் இவ்விருவரும் இலர். நாட்டுப்பாடல் திரட்ட வந்த கல்யாணராமன் என்னும் இளைஞன் திருநிலம் என்னும் சிற்றூரில் பழைய ஜமீன் மாளிகையில் தங்குகின்றான். வெள்ளி என்னும் ஊர்ப்பெண், அவளுக்கு உரியவனான மருதமுத்து, நகரத்தினின்றும் வந்து சேரும் ஜமீன் வாரிசு சிநேகலதா ஆகியோரிடையே கதை நடக்கின்றது. இரவில் மாளிகையில் கேட்கும் ஒலிகள் அச்சம் விளைக்கின்றன. பின்னர்க் கொலையும் நிகழ்கின்றது. கொலைஞன் யாவன் என்பதை ஈண்டுக் கூறாது விடுகின்றோம். ஆராய்ச்சி இதழாயினும் அவ்வளவு வாசக அறம் நமக்கும் உண்டு.

மூன்றாமவரின் குறிப்பை முதற்கண் எடுத்துக்கொள்வோம். கணேஷ் இருந்தால் அப்பெண் பிழைத்திருப்பாள் என்பது உண்மையா? அன்று. கணேஷ் வரும் கதைகளிலும் கொலை நிகழத்தான் செய்கின்றது. பெரும்பாலும் அவர் வருமுன்னரே நிகழ்ந்துவிடுகின்றது. அவர் காப்பவர் அல்லர், விளக்குபவர். எனின், அவ்வாசகர் இழந்தது யாது? 'எது நிகழினும் முடிவில் ஒருவர் வந்து கணக்குத் தீர்ப்பார்' என்னும் உறுதிப்பாட்டையே அவர் இழந்தார். தொடர்நாயகன் வரும் கதையில் அவ்வுறுதி முதல் வரிக்கு முன்னரே வாசகன் கையில் இருக்கின்றது. தனிக்கதையில் அஃது இல்லை. அவ்விழப்பை அவர் ஒரு பெண்ணின் சாவாக உணர்ந்து எழுதினார். குறை கூறுவது போல் தோன்றினும், அப்புதினம் அவரைத் தீண்டியது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

தொல்காப்பியர் அச்சம் என்னும் மெய்ப்பாட்டுக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களம் வகுத்தார். இந்நான்கனுள் துப்பறியும் கதைக்கு உரியது கள்வரே. அணங்கு போல் தோன்றியது கள்வராய் முடிதலே அக்கதையின் பொது இலக்கணம் எனலாம். கணேஷ் போன்ற ஒருவர் கதையுள் இருப்பின், அணங்கினை வாசகன் முழுதும் நம்புவதில்லை. அவர் இருப்பே அதனை மறுக்கின்றது. திருநிலத்து மாளிகையிலோ இரவில் ஒலி கேட்கும்போது உடன் இருப்பவன் கல்யாணராமன் ஒருவனே. அவன் நம்மைப்போல் அஞ்சுகின்றான். ஆகவே அணங்கு கள்வராக மாறுவதற்கு முன் சில அத்தியாயங்கள் மெய்யாகவே அணங்காக நிற்கின்றது.

இதற்கு ஒரு தடை எழும். 1981இல் குமுதத்தில் வெளிவந்த 'கொலையுதிர் காலம்' கணேஷும் வசந்தும் வரும் கதை. ஆயினும் அதில் பேயா விஞ்ஞானமா என்னும் ஐயம் இறுதிவரை நீங்குவதில்லையே எனலாம். உண்மை. ஆனால் ஆண்டு ஆசிரியர் ஐயத்தை இருவரிடையே பகுத்து வைத்தார். வாசகன் விரும்பியவர் பக்கம் நின்றுகொள்ளலாம். இருவர் வழக்காடும் அறையில் பேய்க்கு இடம் சிறிது. கல்யாணராமனோடு நிற்கும் வாசகனுக்கு அத்தகைய பக்கத்துணை இல்லை. இவ்வளவில் தனிப்புதினமே அச்சத்தில் மிக்கது என்பது நம் கருத்து.

பிறநாட்டிலும் இவ்வாறே. அகதா கிறிஸ்டி 1939இல் வெளியிட்ட தீவுக் கதையில் புவாரோ இல்லை. பதின்மர் ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். புவாரோ அத்தீவில் இறங்கியிருப்பின் கதை முதல் இரவிலேயே தளர்ந்திருக்கும். அந்நூல் பத்துக் கோடிப் படிகளுக்கு மேல் விற்றதாகக் கூறுவர். பழகிய பெயரையே வாசகர் நாடுவர் என்பார் இதற்கு விடை கூறல் வேண்டும். கானன் டாயில் செய்தி வேறு. தம் வரலாற்றுப் புதினங்களையே உயர்வாகக் கருதிய அவர் 1893இல் ஹோம்ஸை அருவியில் வீழ்த்தினார், வாசகர் சினந்தனர், 1903இல் மீட்டுத் தரவேண்டியதாயிற்று. புதியதை வெறுத்ததனால் எழுந்த சினம் அன்று அது. உரியதைப் பறித்ததனால் எழுந்தது. இரண்டையும் ஒன்றாக எண்ணுதல் பிழை.

இனி, முதலாமவரின் வினாவுக்கு வருவோம். அது வெறும் ஏக்கம் எனத் தோன்றினும், புதினத்தின் மெய்யான குறை ஒன்றனைத் தன்னையறியாமல் சுட்டுகின்றது. முடிச்சு அவிழும் இறுதிப் பகுதிகளில் கல்யாணராமன் பேச்சு மாறுகின்றது. அதுவரை தயங்கியும் வெட்கியும் நின்றவன், சான்றுகளை அடுக்கி முடிபுரைக்கும்போது குரல் அவனுடையதாக இல்லை. கணேஷின் குரலே வேறு சட்டை அணிந்து வந்ததோ என்று ஐயுறுகின்றோம். நாயகனை நீக்கிய ஆசிரியர் நாயகனின் பணியை நீக்க இயலவில்லை. 'எப்போது வருவார்?' என்ற வாசகருக்கு, 'கடைசியில் வந்துவிட்டார், பெயர் மட்டும் வேறு' என விடை கூறலாம்.

எனினும் இக்குறை சிறிதே. கணேஷுக்குத் திருநிலம் ஒரு வழக்காக அமைந்திருக்கும். கல்யாணராமனுக்கு அஃது ஊராக அமைகின்றது. அவன் பாட்டுத் திரட்ட வந்தவன். ஊராரிடம் கேட்டுப் பெறவேண்டியவன். கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' (1958), நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' (1964) போன்ற நூல்களால் அறிஞர்க்குப் பழக்கமான ஒரு செல்வத்தை வார இதழ் வாசகர் முன் அத்தியாயந்தோறும் வைத்தமை இப்புதினத்தின் தனிச்சிறப்பு. வெள்ளியின்பால் அவன் மனம் சாய்வதும், அவள் தனக்கு உரியவள் அல்லள் என உணர்வதும் கணேஷ் கதையில் நிகழ இயலாதவை. தொடர்நாயகன் அடுத்த கதைக்கு மாறாமல் செல்லவேண்டியவன். அவனுக்கு இழப்பு கூடாது. 1981இல் திரைப்படமாகியபோதும் ஊரும் பாட்டுமே முன்னின்றன.

வாசகர் எதிர்வினை எப்போதும் பென்சில் குறிப்போடு அமைவதன்று. அதே ஆசிரியர் 1857 கிளர்ச்சியைக் களமாக்கிக் குமுதத்தில் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்னும் தொடரைத் தொடங்கினார். அதுவும் கணேஷ் வாராத கதையே. ஒரு சமூகத்தாரின் எதிர்ப்பால் தொடர் நின்றது; பின்னர் 'ரத்தம் ஒரே நிறம்' என்னும் பெயரில் புதிதாகத் தொடங்கி முடிந்தது. கணேஷ் கதையில் எத்தனை கொலை நிகழினும் அது கதை என்றே எவரும் கொள்வர்; பழகிய பெயரே வேலியாக நின்று காக்கின்றது. அவ்வேலி நீங்கியவுடன் வாசகர் சிலர் கதையைத் தம்மைப்பற்றிய கூற்றாகக் கொண்டனர். ஓர் எழுத்தாளரின் படைப்பைப் பாதியில் நிறுத்தச் செய்தல் முறையன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அச்சினத்தின் வேரும் மூன்றாமவரின் துயரத்தின் வேரும் ஒன்றே என்பதை மறுத்தற்கில்லை.

நான்காமவர் மூன்றிடங்களில் எழுதியுள்ளார். மூன்றும் அத்தியாயத் தலைப்பில் வரும் பாடல்களின் அருகே. ஓரிடத்தில், 'எங்கள் பக்கம் இப்படிப் பாடுவதில்லை' என்று தொடங்கி, தம் ஊர் வழக்கை நான்கு வரியாக எழுதியிருக்கின்றார். கொலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மற்ற இரண்டு குறிப்புகளும் அத்தகையனவே. அவ்வரிகளை நாம் படியெடுத்து வைத்துள்ளோம். அவற்றை இன்றும் பாடுவார் எவரேனும் இம்மலையைச் சூழ்ந்த ஊர்களில் உளரா என நம் மாணவர் இருவர் தேடி வருகின்றனர்.