உரியும் வண்ணமும் ஊறும் சாயமும்

படத்தில் பெயிண்ட் உரிந்தால் "மலைநாட்டுப் பனிதான், வேறென்ன" என்று சொல்லிவிடுவோம். 1,800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாவில் அது பாதி உண்மை. ஈரத்தில் துணி அசையும். மேலே இறுகிக் கிடக்கும் வண்ணம் கூடவே அசைய முடியாமல் விட்டு எழும்பும். மீதிப் பிழை பூசியவர் கையில். எண்ணெய் வண்ணத்துக்கு மேல் அக்ரிலிக் ஒட்டாது. துத்தநாக வெள்ளை எண்ணெயோடு சேர்ந்து ஒருவகைச் சவர்க்காரமாகி, அடுக்கை நொறுங்க வைக்கும். அமெரிக்க ஓவியர் ஃபிரான்ஸ் கிளைனின் படங்களே இப்படிப் பிரிந்திருக்கின்றன.

ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேத்தண்ணிச் சாயத்தையும் தேயிலைப் பைகளையும் கொண்டு படைக்கிறார். சாயம் மேலே படலமாய் நிற்காது, நாருக்குள் ஊறிவிடும். உரிய அங்கே ஒன்றுமில்லை. தோட்டத்தை வெறும் பச்சைக் காட்சியாகப் பூசிக்காட்டும் படங்களைவிட, உழைப்பின் கறையையே பொருளாக்கும் இவ்வழி உண்மைக்குக் கிட்ட நிற்கிறது. ஆனாலும் சாயத்துக்கும் ஆபத்துண்டு: வெளிச்சத்தில் மங்கும்.

நம் விமர்சகர்கள் என்ன வரைந்தார் என்று மட்டுமே கேட்கிறார்கள். எதன் மேல் எதைப் பூசினார் என்றும் கேட்கணும். மலையகத்தாரின் கதையைச் சொல்லும் படம் அடுத்த தலைமுறைக்கான அமானிதம். அது நம் கண்முன்னே உதிர்ந்துபோக விடலாமா?