காட்டேரியின் விதிகள், காட்டேரியின் நகைச்சுவை

ரத்தக்காட்டேரியை வைத்துச் சிரிக்க வைக்க முயன்ற படங்களுக்குக் கணக்கில்லை. திரும்பத் திரும்பப் பார்க்கத் தூண்டுபவை மிகச் சில. காட்டேரி உலகத்தின் விதிகளைக் கறாராக மதித்ததுதான் அந்தச் சில படங்களின் பலம் என்று நினைக்கிறேன்.

கண்ணாடியில் உருவம் தெரியாது, யாரும் அழைக்காமல் வீட்டுக்குள் கால்வைக்க முடியாது என்பவற்றை உலகறியச் செய்தது பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897). வெயில் பட்டால் அழிவு என்பது அந்த நாவலில் இல்லை. டிராகுலா அதில் பகலிலேயே லண்டனில் நடமாடுகிறான். அந்த விதியைச் சேர்த்தது முர்னாவின் மௌனப்படமான 'நாஸ்ஃபெராட்டு' (1922).

1931இல் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசி, 1948இல் அபட்–காஸ்டெல்லோ இரட்டையரின் நகைச்சுவைப் படத்தில் அதே வேடத்தில் மீண்டும் வந்தார். அவர் கொஞ்சமும் இளிக்கவில்லை. அந்தக் கம்பீரத்தின் முன்னால் கோமாளிகள் நடுங்கியதால்தான் சிரிப்பு வந்தது.

ரோமன் போலன்ஸ்கியின் 'தி ஃபியர்லெஸ் வாம்பயர் கில்லர்ஸ்' (1967) இன்னும் ஆழத்துக்குப் போகிறது. காட்டேரியாகிவிட்ட யூத விடுதிக்காரன்மீது வேலைக்காரப் பெண் சிலுவையை நீட்டுகிறாள், அவன் சிரித்துவிடுகிறான். அந்தச் சிலுவை அவனுடைய மதத்துக்குரியது அல்லவே! போலன்ஸ்கி கிராகோவ் கெட்டோவிலிருந்து தப்பிய சிறுவன், தாயை ஆஷ்விட்ஸில் பறிகொடுத்தவர் என்பதை நினைத்தால் அந்தச் சிரிப்பின் கனம் கூடிவிடுகிறது. நடன மண்டபத்தில் கூட்டமே ஆடிக்கொண்டிருக்க, கண்ணாடியில் மூன்றே பேர் தெரியும் காட்சியும் விதியிலிருந்தே முளைத்தது. மெல் ப்ரூக்ஸின் 1995ஆம் ஆண்டுப் படம் முந்தைய படங்களைப் பகடி செய்வதோடு நின்றுவிட்டது. லெஸ்லி நீல்சன் இருந்தும் எனக்கு அது ஒட்டவில்லை.

இந்த வகையின் சிகரம் நியூசிலாந்திலிருந்து வந்தது. டைக்கா வைட்டிட்டியும் ஜெமைன் கிளமெண்ட்டும் 2014இல் எடுத்த 'வாட் வி டூ இன் தி ஷேடோஸ்', வெலிங்டனில் ஒரே வீட்டில் குடியிருக்கும் காட்டேரிகளை ஆவணப்படப் பாணியில் பின்தொடர்கிறது. 5 ஆண்டுகளாகப் பாத்திரம் கழுவாதவனைக் கண்டிக்க வீட்டுக் கூட்டம் நடக்கிறது. கண்ணாடி உதவாததால் ஒருவரின் உடையழகை இன்னொருவர் வரைந்து காட்டுகிறார். இரவு விடுதி வாசலில், உள்ளே வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லும்படி காவலரிடம் கெஞ்சுகிறார்கள். சோபாவில் கறை படியக்கூடாதென்று செய்தித்தாள் விரித்துவிட்டுக் கடிக்கிறான் வியாகோ. அவன் நியூசிலாந்துக்கு வந்ததே காதலியைத் தேடித்தான். சவப்பெட்டிக்கான அஞ்சல் கட்டணத்தை வேலைக்காரன் தவறாகக் கட்டியதால் பயணம் 18 மாதம் இழுக்க, அதற்குள் அவளுக்குத் திருமணமாகிவிட்டது. இப்போது அவள் முதியோர் இல்லத்தில் இருக்கும் 96 வயதுக் கிழவி. அவன் இன்னும் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறான். சாகாவரம் என்பதன் துயரத்தை இவ்வளவு எளிதாகச் சொன்ன திகில் படம் எனக்குத் தெரிந்து இல்லை.

இதிலிருந்து கிளைத்த தொலைக்காட்சித் தொடர் (2019–2024) மரபுக்குப் புதிய இனம் ஒன்றையே தந்தது. அதில் வரும் காலின் ராபின்சனுக்கு ரத்தம் தேவையில்லை, வெயிலும் அவனைச் சுடாது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் சலிப்பூட்டும்படி பேசிப் பேசியே அவருடைய உயிர்ச்சத்தை உறிஞ்சிவிடுவான்.