பேகன் மலையும் மழைப்பருவமும்

பருவத்தின் எழிலைக் காண்டற்கென்றே மலைநாடு செல்லும் வழக்கம் உலகிற் பலவிடத்தும் உண்டு. ஜப்பானியர் இலையுதிர் காலத்தே மேப்பிள் மரங்களின் இலைகள் சிவந்து தோன்றும் காட்சியை நாடிச் செல்லுதலை ஒரு மரபாகவே போற்றுவர். கி.பி. 905-ஐ ஒட்டித் தொகுக்கப்பெற்ற கொகின்ஷூ என்னும் அவர்தம் தொகைநூலின் 20 பகுதிகளுள் முதல் 6 பகுதிகள் பருவம் பற்றியன. அவற்றுள் 2 இலையுதிர் காலத்திற்கு உரியன. அங்குப் பருவமே பாடுபொருளாய் நிற்கின்றது. தமிழ்மரபிலோ பருவம் முதற்பொருளேயாம். அஃது உரிப்பொருளைத் தாங்கி நிற்பது. அகத்திணைக்கு வகுத்த இவ்வியல்பு புறப்பாடல்களினும் பயின்று வருதலுண்டு. அதற்குப் பழனிமலைத் தலைவனாகிய வையாவிக் கோப்பெரும்பேகனைப் பற்றிய புறநானூற்றுப் பாடல்கள் தக்க சான்றாவன.

பழனியின் பழம்பெயர் பொதினி என்பர். மாமூலனார் அகநானூற்றில் நெடுவேள் ஆவியின் பொதினியைப் பாடியுள்ளார். அவ்வாவியர் குடியிற் பிறந்த பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தமை யாவரும் அறிவர். அவனை நாடி வந்த கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவன் மலையின் மழைப்பருவத்தைக் கண்டவர்கள். பரிசில் பெறுதற்குரிய புலவர்கள். அவர்கள் பருவத்தை எந்நோக்கிற் பாடினர் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

புறநானூறு 143-ஆம் பாடலிற் கபிலர் அம்மலைக் குறவரின் வழிபாடொன்றைக் குறிக்கின்றார். அவர்கள் மழை வேண்டிப் பலியிடுவர். மழை மிக்கவழி அது நீங்குமாறும் கடவுளைப் பரவுவர். பெயல் நின்றதும் மகிழ்ந்து தினையுண்பர். மழையை வேண்டுதலும், போதும் என்று கூறுதலும் ஆகிய இரண்டும் அடங்கிய இவ்வழிபாடு அளவறிந்த வாழ்க்கையின் அடையாளம்.

இனி, 142-ஆம் பாடலிற் பரணர் பேகனது கொடையை மழைக்கு உவமிக்கின்றார். வற்றிய குளத்தினும் அகன்ற வயலினும் பெய்யும் மழை, வேண்டுமிடத்து உதவாது உவர்நிலத்தினும் பெய்தொழியும். வரையறை அறியாத அம்மழை போன்றது அவன் கொடைமடம். இஃது புகழே என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்விரு பாடல்களையும் அடுத்தடுத்து வைத்துக் காண்பார்க்கு ஒன்று புலனாகும். குறவர் மழைக்கு அளவு கண்டனர். அவர்தம் தலைவனது அருளுக்கோ அளவுமில்லை, சேருமிடம் பற்றிய தெரிவுமில்லை. அவ்வருள் சென்றடையாத இடம் அவனாற் பிரியப்பட்ட மனைவி கண்ணகியின் இல்லம்.

143 முதல் 147 வரையுள்ள பாடல்கள் அவள் பொருட்டுப் பாடப்பட்டவை; பெருந்திணையிற் குறுங்கலி என்னும் துறையின. கபிலர் அவன் மலையைப் பாட, அவள் குழல் ஏங்கினாற்போல் அழுதாள். பரணர் மாலையில் யாழிற் செவ்வழிப்பண் அமைத்து மழையை எதிர்கொண்ட கானத்தைப் பாட, அவள் கண்ணீர் மார்பை நனைத்தது. பெருங்குன்றூர்கிழார் அருவி வீழும் மலைகள் பல கடந்து வந்து, கார்வானத்தின் இனிய துளியோசையைத் தனித்திருந்து கேட்கும் அவளைக் காட்டுகின்றார். வந்தவர்க்கு இனிதாகிய பருவம் ஆண்டு உறைபவட்குத் துயராயிற்று.

பரணர் சொல்லாட்சி இதனை மேலும் தெளிவிக்கும். மயில் நடுங்கும் எனப் பேகன் இரங்கியதைக் கூறும் 145-ஆம் பாடலிற் 'பனிக்கும்' என்கின்றார். 144-ஆம் பாடலிலோ கண்ணகியின் கண்ணீரைப் 'பனி' என்கின்றார். ஒரு சொல்லடியே ஒரு பறவையின் நடுக்கத்தையும் ஒரு பெண்ணின் கண்ணீரையும் குறித்தது. முன்னதற்குப் போர்வை கிடைத்தது. அரிசில்கிழாரோ அவள் கூந்தலை மயிலின் தோகைக்கே ஒப்பிட்டு, அக்கூந்தல் மீண்டும் மாலை சூடத் தேர் பூட்டுக என்கின்றார். பேகன் இரங்க வேண்டிய மயில் எது என்பதை இதனினும் நயம்படக் கூறுதல் அரிது.

இப்புலவர்கள் வருணனையை ஒரு சூழ்ச்சியாகவே கையாண்டனர் என்பாரும் உளராகலாம். அது பொருந்தாது. குறவர் வழிபாடு போன்ற நுண்செய்திகள் மலையை உவந்து கண்டார்க்கே வாய்ப்பன. உவந்து கண்டமையாலேயே, அவ்வுவகையிற் பங்கு பெறாதவளையும் அவர்கள் கண்டனர். அணிகலமும் செல்வமும் வேண்டா. அவளிடம் செல்வதே எமக்குப் பரிசில் என்று கூறும் துணிவு அக்காட்சியிற் பிறந்தது.

சிறுபாணாற்றுப்படை மழைவளம் வாய்ந்த மலைச்சாரலில் மயிலுக்குக் கலிங்கம் அளித்த செயலை மட்டும் போற்றுகின்றது, கண்ணகியைக் கூறவில்லை. வள்ளல்களை நிரல்படக் கூறும் அவ்விடத்திற்கு அது போதும். பிற்காலத்தாரும் போர்வையையே பெரிதும் நினைந்தனர். பேகனது அருளை முழுதும் மதிப்பிடப் புகுவார், மயில் நடுங்கிய அக்குளிரையும் கண்ணகி தனித்துக் கேட்ட துளியோசையையும் ஒருங்கே கொள்ளல் வேண்டும். பருவத்தை நுகர்தல் பிறர் துயரைக் காணுதற்குத் தடையன்று, துணையே என்பதை இப்பாடல்கள் நிறுவுகின்றன.