அற்ப ஆராய்ச்சியை ரசிப்பது எப்படி?

எங்கோ ஒரு சர்வகலாசாலையில், நத்தையின் நடையையோ எறும்பின் உறக்கத்தையோ அளப்பதற்காக ஒரு பண்டிதர் தம் ஆயுளில் பாதியைச் செலவிட்டார் என்று பத்திரிகைகளில் அவ்வப்போது ஒரு துணுக்கு வரும். படிப்பவர் சிரிப்பார், விஞ்ஞானத்துக்காகப் பரிந்து பேச வருபவரோ, ‘பொறுங்கள், நாளைக்கே இதிலிருந்து ஒரு மருந்து பிறக்கலாம்’ என்று ஜாமீன் நிற்பார். இந்த ஜாமீன் எனக்குப் பிடிப்பதில்லை. மருந்து பிறக்காவிட்டால் அந்தப் பண்டிதரை என்ன செய்வதாம்? கேட்டால் ஜீரணசக்தி பெருகும் என்று சொல்லிக் கச்சேரிக்கு ஆள் சேர்ப்பது போன்ற காரியம் இது. சிறிய ஆராய்ச்சியை அதன் வேலைப்பாட்டுக்காகவே ரசிக்கலாம். அதற்குச் சிறிது பழக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

பழகுவதற்கு, சார்லஸ் டார்வின் 1881 அக்டோபரில் மண்புழுக்களைப் பற்றி வெளியிட்ட நூலைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஜீவராசிகளின் உற்பத்தியைப் பற்றி எழுதி உலகத்தையே கலக்கிவிட்ட மனிதர், எழுபது பிராயம் கடந்த பிறகு, அந்நாளில் கென்ட் பகுதியைச் சேர்ந்திருந்த டவுன் கிராமத்தில், தம் படிப்பறையிலே மண்தொட்டிகளில் புழுக்களை வைத்துக்கொண்டு, இவற்றுக்குக் காது கேட்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். உலோகக் குழலைக் கீச்சென்று ஊதச் செய்தார். பஸூன் என்னும் கட்டைக்குரல் வாத்தியத்தை அதன் உச்ச முழக்கத்தில் வாசிக்கச் செய்தார். கூச்சலும் போட்டுப் பார்த்தார். புழுக்கள் அசையவில்லை. வாசகர் பெரும்பாலும் இங்கே சிரித்துவிட்டு மேலே போய்விடுவார். ஆனால் நின்று பார்க்கவேண்டிய இடம் அதற்கு அடுத்த சொற்றொடரில் இருக்கிறது: கூச்சலிடும்போது மூச்சுக்காற்று புழுக்களின் மேல் படாதபடி ஜாக்கிரதையாக இருந்தாராம்! காற்றுப் பட்டுப் புழு சுருங்கியிருந்தால், ஒலிக்குச் சுருங்கியது என்று தாமே தம்மை ஏமாற்றிக்கொண்டிருப்பார் அல்லவா? பிறகு தொட்டிகளைப் பியானோவின் மீதே தூக்கி வைத்து ஒரு ஸ்வரத்தைத் தட்டியபோது, அதுவரை சும்மாக் கிடந்த புழுக்கள் சடக்கென்று வளைக்குள் ஓடி ஒளிந்தன. காது இல்லாத பிராணிக்கு அதிர்வு தெரிகிறது என்பது முடிவு. முடிவைவிட, அந்த மூச்சை அடக்கிக்கொண்ட சிரத்தையைத்தான் முதலில் ரசிக்கச் சொல்வேன்.

இரண்டாவதாக, ஆராய்ச்சியாளர் தமக்குத் தாமே எதிர்க்கட்சி வக்கீலாக நிற்கும் இடங்களைத் தேடிப் பாருங்கள். மண்புழு தன் வளையின் வாயை இலைகளால் அடைக்கும். பெரும்பாலும் இலையின் கூர்நுனியைப் பற்றி உள்ளே இழுக்கும். இது பழக்கமா, விவேகமா என்று அறிய, டார்வின் எழுதுதாளை நீண்ட முக்கோணங்களாக வெட்டி, இரவுப் பனியில் துவண்டுபோகாதிருக்கக் கொழுப்பைத் தடவிப் பரப்பி வைத்தார். 303 முக்கோணங்களில் நூற்றுக்கு 62 கூர்நுனியால் இழுக்கப்பட்டிருந்தன. சாமானியர் இத்துடன் வெற்றி முரசு கொட்டியிருப்பார். அவரோ, புழு முதலில் அகன்ற பக்கத்தை இழுத்துப் பார்த்து, முடியாமல் நுனிக்கு மாறியிருக்கலாமே என்று ஐயுற்று, நுனியால் இழுக்கப்பட்டவற்றின் அடிப்பக்கத்தில் அழுக்கோ கசங்கலோ உண்டா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பெரும்பாலானவை சுத்தமாக இருந்தன. புழுவுக்குச் சிறிதளவாவது அறிவு உண்டு என்று அதற்குப் பின்னரே எழுதத் துணிந்தார்.

காலத்தை ரசிப்பது இவற்றைவிடக் கடினம். வயலில் பரப்பிய பொருள்களைப் புழுக்களே மெல்ல மெல்ல மண்ணுக்குள் புதைக்கின்றன என்று அவர் லண்டன் பூகர்ப்ப சங்கத்தில் வாசித்தது 1837-இல். 1842 டிசம்பரில், வீட்டருகே ஒரு வயலில் உடைத்த சீமைச்சுண்ணாம்பைப் பரப்பினார். 29 வருஷங்கள் காத்திருந்து 1871-இல் குழி வெட்டிப் பார்த்தார். வெள்ளைக் கோடு 7 அங்குலம் கீழே இருந்தது. நடுவில், 1869-இல், இத்தனை பெரிய வேலைக்குப் புழு போதாது என்று ஒருவர் மறுத்தெழுதினார். இகழ்ந்தவர் கணக்குப் போடவில்லை, டார்வின் போட்டார். கல்கத்தாவிலிருந்தும் நம் நீலகிரியிலிருந்தும்கூடப் புழு எச்சங்களைத் தருவித்து ஆராய்ந்தார். இங்கிலாந்தின் பல இடங்களில் ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேற்பட்ட உலர்ந்த மண் இப்புழுக்களின் உடல் வழியே போய் மேலே வருகிறது என்பது அவர் கண்ட தொகை. அற்பத்தைக் காலத்தால் பெருக்கினால் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் சிந்தனை முழுவதும். ஜீவராசிகளைப் பற்றிய பெரிய நூலிலும் அதுவே, இந்தச் சிறிய நூலிலும் அதுவே. ஆகவே இதைக் கிழவரின் பொழுதுபோக்கு என்று தள்ளுகிறவர்கள் இரண்டு நூல்களையுமே சரியாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

நூலைத் தேடி எடுப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதல் மூன்று அத்தியாயங்களை அவசரமின்றிப் படியுங்கள். இசையும் முக்கோணமும் சுண்ணாம்பும் அங்கேதான் இருக்கின்றன. புதையுண்ட பழைய ரோமானியக் கட்டடங்களைப் பற்றிய நான்காவது அத்தியாயமும் சுவையானதே. மண் அரிப்பைப் பற்றிய அடுத்த இரண்டும் அளவுகள் மலிந்தவை. அலுப்புத் தட்டினால் தாராளமாகத் தாண்டிப் போகலாம், குற்றமில்லை. ஆனால் கடைசி அத்தியாயத்தை விட்டுவிடாதீர்கள். நூல் வெளிவந்த ஆறாம் மாதம், 1882 ஏப்ரலில், டார்வின் காலமானார். அவர் எழுதி வெளியிட்ட கடைசி நூல் இதுவே.