மலைநாட்டுப் பாதையில் எந்த ரயில்?

உடப்புசல்லாவைக்கு இன்று ரயில் இல்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை ஓடிய 762 மில்லிமீற்றர் அகலக் குறும்பாதை 1940களில் மூடப்பட்டது. ரயில் பிரியர்கள் பஸ்ஸில் நானுஓயாவுக்கு இறங்கி, அகலப்பாதையில்தான் ஏற வேண்டும்.

அங்கே வாதம் தொடங்குகிறது. 2012இல் சீனாவிலிருந்து வந்த எஸ்-12 நீல ரயிலில் எஞ்சின் தொடரோடு சேர்ந்தே இருக்கும். அதன் முதலாம் வகுப்பில் குளிரூட்டி உண்டு, யன்னல் திறக்காது. தேயிலை மணக்கும் மலையில் கண்ணாடிக்குள் அடைபட்டுப் போவதற்குக் காசு கொடுப்பானேன் என்பது பழைய கட்சியின் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. அவர்களுக்கு வேண்டியது ஜேர்மன் எம்-6 டீசல் எஞ்சின் இழுக்கும் ருமேனியப் பெட்டிகள். ஏற்றத்தில் எஞ்சின் திணறும் உறுமல் திறந்த யன்னலால் நேரே காதில் விழும். கூர்வளைவுகளில் தலையை நீட்டாமலே முன்பெட்டிகளும் எஞ்சினும் பக்கவாட்டில் தெரியும்.

கடைசியில் கோர்க்கப்படும் ஒப்சர்வேஷன் பெட்டிக்கும் தனி இரசிகர்கள் உண்டு. அதன் பின்புறப் பெரிய கண்ணாடியில் கடந்து வந்த தண்டவாளமும் சுரங்கவாயும் விலகிச் செல்வதைப் பார்க்கலாம். எஞ்சின் சத்தம் மட்டும் அங்கே தேய்ந்துதான் கேட்கும்.